சுண்ணாம்பு போட்ட மண் மறுபடி புளிப்பது ஏன்?

கேள்வி: நீலகிரியில் கேத்தி பக்கம் 50 சென்ட்டில் கேரட் போடுகிறேன். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.8. போன வருடம் 100 கிலோ சுண்ணாம்புத் தூள் போட்டதும் 6-ஐத் தொட்டது. இப்போது பழையபடி 5. ஏக்கருக்கு ஒரு லிட்டர் ‘திரவச் சுண்ணாம்பு’ போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிஎச் காட்டுவது மண் ஈரத்தில் கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும்தான். அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அமிலம் களியிலும் மட்கிலும் அலுமினியமாகவும் ஹைட்ரஜனாகவும் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சமநிலையில் இருப்பவை. ஈரத்தில் உள்ளதைச் சுண்ணாம்பு தீர்த்ததும், ஒட்டியிருப்பது இறங்கி அந்த இடத்தை நிரப்பும். இறைக்க இறைக்க ஊறும் ஊற்றுக்குழிதான். நீங்கள் போட்டது சென்ட்டுக்கு 2 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு அரை டன். நீலகிரிச் செம்மண்ணுக்கு அது காணாது.

அந்த ஒரு லிட்டர் பாட்டிலில் எவ்வளவு அடைத்தாலும் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு இருக்காது. உங்கள் 100 கிலோ செய்யாததை அது எப்படிச் செய்யும்? தெளித்த மறுவாரம் கடைக்காரரே மீட்டரைக் குத்திக் காட்டுவார், முள்ளும் ஏறும்; அது ஈரத்தில் உள்ள அமிலத்தை மட்டும்தான் காட்டுகிறது. அதில் மயங்காதீர்கள். இன்னொரு ஏமாற்று, ஜிப்சத்தைச் சுண்ணாம்பு என்று தள்ளிவிடுவது. ஜிப்சம் பிஎச்சை ஏற்றாது. ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள்: சுண்ணாம்புக்கல் தூள் பொங்கும், ஜிப்சம் சும்மா கிடக்கும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும். அதைப் போலி என்று திருப்பிவிட வேண்டாம்.

15 செ.மீ. ஆழத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரை கிலோவை ஆய்வகத்தில் கொடுத்து ‘சுண்ணாம்புத் தேவை’, அதாவது ஒட்டியிருக்கும் அமிலத்தையும் சேர்த்துத் தீர்க்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அரசு தரும் மண்வள அட்டையின் 12 அளவுகளில் பிஎச் உண்டு, ஒட்டியிருக்கும் அமிலம் கிடையாது. மலைக்கும் தஞ்சாவூருக்கும் ஒரே அட்டை!

ஹெக்டேருக்கு ஒரு டன் என்று வந்தால் சென்ட்டுக்கு 4 கிலோ. விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே, ஈர மண்ணில் தூவி 15 செ.மீ. வரை கொத்திக் கலக்குங்கள். கூடவே யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும்.

பக்கத்தில் தேயிலை இருந்தால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரைதான் தோது. கேரட்டுக்கு வாங்கியதில் மிச்சம் என்று செடியடியில் கொட்டாதீர்கள். தேயிலை பிடுங்கிய நிலம் என்றால் நிலைமை தலைகீழ்: பல வருட அம்மோனிய உரத்தில் அமிலம் ஊறிப்போயிருக்கும், பிஎச் ஒன்றாகவே இருந்தாலும் சுண்ணாம்பு அதிகம் கேட்கலாம். அந்தப் பாத்திக்குத் தனி மாதிரி எடுங்கள்.