வலி நின்ற பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்றார். நான் நாளைத் தள்ளிப்போட, வலி தானாகவே நின்றுவிட்டது. இன்னொரு மருத்துவரோ, பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு என்கிறார். ரூட் கெனால் செய்த பல் எப்படியும் உடைந்துவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறார். அவருக்கு அப்படித்தான் உடைந்தது. வலியே இல்லாதபோது ஏதாவது செய்யத்தான் வேண்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: செய்யத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பல் குணமாகவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான கூழ் ஒன்று இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் கூழ் வீங்கும். ஆனால் சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் அந்த வீக்கம் விரிய இடமில்லை. படுத்தால் தலைப் பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால், இரவில் விண்விண் என்று தெறிக்கிறது. கூழ் முழுவதும் அழுகியபின் வலியை உணர நரம்பு இல்லை, அவ்வளவுதான். கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குவது நிற்பதில்லை. உங்கள் மருத்துவர் குளிரூட்டிய பஞ்சை அந்தப் பல்லில் வைத்துப் பார்ப்பார். பக்கத்துப் பல் கூசி, இந்தப் பல் மட்டும் கூசாமல் இருந்தால், நான் சொல்வது பெரும்பாலும் உறுதியாகிவிடும்.

ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை என்றதும் வேரையே எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் செய்த குழப்பம் இது. வேர் அப்படியே இருக்கும். வேருக்குள் ஓடும் மெல்லிய கால்வாய்களில் அழுகிய கூழ்தான் அகற்றப்படும். கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்களும் மூன்று கால்வாய்களும் இருக்கும். சிலருக்கு நான்காவதும் உண்டு. ஒன்றை விட்டுவிட்டாலும் கிருமி அங்கேயே தங்கிவிடும் என்பதால், இது அவசரமாகச் செய்கிற வேலையல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் உள்ளே போகாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, தலைமுடி போன்ற ஊசி அரங்களால் கால்வாய்களைச் சுரண்டி, கிருமிநாசினித் திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைப்பார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது லேசாக வலிப்பது இயல்பு.

உங்கள் நாத்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பல்லுக்குக் கேப் போட்டிருந்தாரா? அமெரிக்காவில் ரூட் கெனால் செய்யப்பட்ட 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களைக் காப்பீட்டுப் பதிவுகளின் வழியே தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 8 ஆண்டுகள் கழித்தும் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 சதவீதம் முழுக் கேப் போடாதவை. சொத்தையும் சிகிச்சைக்காகப் போட்ட துளையும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியைக் குடைந்துவிட, மிஞ்சிய மெல்லிய சுவர்கள் கடைவாயின் அழுத்தத்தில் பிளந்துகொள்கின்றன. வலி போனதும் ‘கேப்பை அப்புறம் பார்க்கலாம்’ என்று போனவர்கள் பாதிப் பல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, ரூட் கெனாலா இம்பிளான்டா என்று கேட்பதற்கு முன், ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல சுவர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். கேப் பற்றிக்கொள்ளச் சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராவது வேண்டும். அது இருந்து, வேரில் விரிசல் இல்லாமல், பல்லைத் தாங்கும் எலும்பும் கரையாமல் இருந்தால், நான் பல்லைக் காப்பாற்றச் சொல்வேன். ‘நிரந்தரத் தீர்வு’ என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. இம்பிளான்ட் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றி ஈறு அழற்சி வந்து எலும்பு கரையக்கூடும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தவிர, சோற்றில் கல் கடிபட்டதும் வாய் சட்டென்று நிற்கிறதே, அதில் இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இம்பிளான்டுக்கு அந்தப் படலம் கிடையாது.

பல் பிளந்து வேர்வரை போயிருந்தால் பிடுங்குவதே சரி. அப்போது இம்பிளான்ட் நல்ல வழிதான். சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகைப் பொருத்தியதிலிருந்து இது நீண்ட காலம் சோதிக்கப்பட்ட முறை. எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று மாதமாவது பொறுத்திருக்க வேண்டியிருக்கலாம். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்டு இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் வைப்பதென்றால், அந்த இரண்டு பற்களையும் தேய்க்க வேண்டும். அவை ஏற்கெனவே கேப் போட்டவையாக இருந்தால் பரவாயில்லை, பழுதில்லாத பற்களைத் தேய்ப்பதற்கு எனக்கு மனம் வராது. கழற்றி மாட்டும் பல் மலிவு. மெல்லுவதில் அவ்வளவு வசதி இல்லை. இடத்தை வெறுமனே விட்டால் பின்பல் முன்னால் சாயும், மேல்பல் மெல்லக் கீழிறங்கும்.

போகும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை உணவையும் மாத்திரையையும் விட்டுவிட்டுப் பட்டினியாகப் போக வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ எலும்பு தேய்மானத்துக்கான ஊசியோ எடுத்துக்கொண்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். செலவு தயக்கம் தந்தால், பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம். அங்கே அலைச்சல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

இதற்கிடையே தாடைக்கு அடியில் வீங்கினாலோ, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திராமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு, கேப் மாட்டும்வரை அந்தப் பக்கத்தில் முறுக்கு, சீடை எதையும் கடிக்க வேண்டாம்.