வியர்வைக்கு எதை வாங்குவது?

கேள்வி: தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். எந்த ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்கலாம்?

பதில்: தண்ணீர்.

கேள்வி: 25 கி.மீ. ஓடிவிட்டு மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். ஆரஞ்சு டெட்ரா பேக் தந்தார்கள். மூன்று குடித்ததும் வயிறு கலங்கிவிட்டது. என் தப்பா?

பதில்: உங்கள் மேல் துளியும் தப்பில்லை. நீங்கள் கேட்டது ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், கைக்கு வந்தது ஜூஸ். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் (டபிள்யூ.எச்.ஓ.) கணக்கில் ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குத்தான் அந்த அளவு. பழ பானங்களிலோ லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை சர்வசாதாரணம். அவ்வளவு சர்க்கரை, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடலுக்கு இழுக்கும். வயிறு கலங்காமல் என்ன செய்யும்? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், இப்படி ஜூஸை ஓ.ஆர்.எஸ். என்று விற்பதை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., பான லேபிள்களில் அந்த மூன்றெழுத்து கூடாது என்றது. இனிமேல் பவுடர் பாக்கெட் என்று கேளுங்கள். திருப்பிப் பார்த்து, டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா என்று இருந்தால் மட்டும் காசு கொடுங்கள். பில் இருக்கிறதா? நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் கொடுங்கள்.

கேள்வி: நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்காக ஆஃபரில் 24 எனர்ஜி டிரிங்க் கேன் வாங்கினேன். குடித்தால் நெஞ்சு படபடக்கிறது. திருப்பித் தர முடியுமா?

பதில்: உடைத்த கேன்களையா? காஃபீன் எவ்வளவு என்று கேனிலேயே அச்சடித்திருக்கிறதே, சார். விலையை மட்டும் படித்தீர்களாக்கும். முதலில் குடிப்பதை நிறுத்துங்கள். படபடப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அரை மாரத்தானுக்கு இளநீர் போதாதா?

பதில்: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். உதட்டை நக்கினால் கரிக்கிறதே, அதுதான். ஓடி முடித்து இளநீர் குடித்தால் கூடவே உப்பாக ஏதாவது சாப்பிடுங்கள், இல்லை உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அது ஆபத்து. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் எலெக்ட்ரோலைட் (உப்புச்சத்து) மாத்திரை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நீல நிறத்தில் மயங்கி நான்கு டியூப் வாங்கினேன். மூடியைச் சரியாக மூடாததில் ஈரம் கோத்து சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது; தலைகீழாகத் தட்டினாலும் வர மறுக்கிறது.