அமெரிக்காவில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஆன்லைன் ஷாப்பிங் பெரிய நிம்மதி என்கிறார்களே, உண்மையா?

அட்லாண்டா புறநகருக்கு நான் வந்து பதினொரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு பெரிய துணிக்கடையில் ஊழியர் ஒருவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் சட்டைப் பக்கம் போனால் அவரும் சட்டைப் பக்கம். பெல்ட் பக்கம் திரும்பினால், ஏற்கெனவே மடித்திருந்த துணியை அங்கே நின்று மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரனான எனக்கு இதில் ஒன்றும் உறைக்கவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடையில் யாரும் பின்னால் வராவிட்டால்தான் மனக்குறை. விற்க வந்தவர் என்றே நினைத்து, அவரிடமே திரும்பி ஒரு சட்டையின் அளவைக் கேட்டேன். திருதிருவென விழித்தார். அவர் வேலை விற்பது அல்ல, நான் திருடுகிறேனா என்று பார்ப்பது.

மறுநாள் இதை அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொன்னேன். பக்கத்து மேசையில் ஐம்பதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் உண்டு. அவர் கேட்ட முதல் கேள்வி, "பில் வாங்கினீர்களா? வெளியே வரும்போது கையில் வைத்திருந்தீர்களா, சட்டைப்பையில் போட்டுவிட்டீர்களா?"

சூயிங்கம் வாங்கினாலும் பில் இல்லாமல் அவர் கடையை விட்டு நகர மாட்டார். பெரிய தோள்பை எடுத்துப் போக மாட்டார். கடைக்குள் நிற்கும்போது கைப்பைக்குள் கையை விட்டு எதையும் துழாவ மாட்டார்; போன் அடித்தாலும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார். இதெல்லாம் ஏழெட்டு வயதில் அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தவை. அவரும் தன் மகனுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறார். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள், வாசலில் பில்லை ஓட்டை போட்டு அனுப்புவார்கள். எல்லோருக்கும் அதுதான் என்பதால் யாருக்கும் வலிப்பதில்லை. இங்கே முன்னால் போகும் நான்கு பேரை விட்டுவிட்டு ஐந்தாவது ஆளை மட்டும் நிறுத்துகிறார்கள்.

எனவே கேள்விக்கு என் பதில்: உண்மைதான். அவர் இப்போது துணிமணி, முகப்பூச்சு, காலணி எல்லாவற்றையும் போனிலேயே வாங்குகிறார். விலை மலிவு என்பதற்காக இல்லை. "இரவு பதினொரு மணிக்கு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் நல்லவளாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் வாங்குகிறேன்" என்றார்.

மிகைப்படுத்துகிறார் என்று தோன்றினால், 2013-இல் நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். பார்னீஸ் என்ற ஆடம்பரக் கடையில் 19 வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர் 349 டாலர் பெல்ட் ஒன்றைத் தன் சொந்த வங்கி அட்டையில் வாங்கினார். கடையை விட்டு வந்ததும் துப்பறியும் போலீசார் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பையனிடம் இவ்வளவு பணம் ஏது என்பதுதான் சந்தேகம். இப்படிப்பட்ட புகார்களை மாநில அரசு வழக்கறிஞர் விசாரித்தார். 2014-இல் கடை 5,25,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஊழியரின் கண்ணை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ரைட் எய்ட் மருந்துக்கடைகள் வைத்திருந்த முக அடையாளக் கேமராக்கள் வாடிக்கையாளர்களைத் திருடர்களாகத் தவறாகக் காட்டின. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அதிகம் வாழும் பகுதிகளில் இந்தத் தவறு கூடுதலாக நடந்தது. 2023 டிசம்பரில் மத்திய வணிக ஆணையம், அந்த நிறுவனம் இப்படிக் கண்காணிக்க முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐந்தாண்டுத் தடை போட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கே இது பின்னால்தான் தெரிந்தது: இனப் பாகுபாட்டைத் தடுக்க வந்த, புகழ்பெற்ற 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் பொது இடங்களைப் பற்றிய பிரிவு ஓட்டல், உணவகம், தியேட்டர், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றைச் சொல்கிறது. சாதாரணத் துணிக்கடை அதில் இல்லை. 1866-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் சமம் என்கிறது. கடைகள் மீதான வழக்குகள் பெரும்பாலும் அதன் கீழ்தான் வருகின்றன. ஆனால் பின்தொடர்ந்தார்கள், முறைத்தார்கள், கடைசியில் பொருளை விற்றும்விட்டார்கள் என்றால், ஒப்பந்தம்தான் நடந்துவிட்டதே என்று பல நீதிமன்றங்கள் கைவிரித்துவிடுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் கடைகளையும் சேர்த்துத் தனிச் சட்டம் உண்டு. நான் இருக்கும் ஜார்ஜியாவில் இல்லை.

முகம் காட்டாமல் வாங்குவதில் இருக்கும் இந்த நிம்மதியை இணையம் கண்டுபிடிக்கவும் இல்லை. நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பே அது தபாலில் வந்துவிட்டது. தெற்கு மாநிலங்களில் குத்தகைக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்கள், அறுவடை வரை ஊர்க்கடையில் கடனுக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும். பல இடங்களில் கடைக்காரரே நிலச் சொந்தக்காரர். என்ன விலை, என்ன தரம், யாருக்கு எது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வருவதுதான். வெள்ளையர் யாராவது உள்ளே வந்தால், ஏற்கெனவே நிற்பவர் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். தொப்பியைப் போட்டுப் பார்க்கக் கூடாது, செருப்பைக் காலில் மாட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் வீட்டிலேயே காகிதத்தின் மேல் காலை வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் காகிதத்தைக் கடைக்குக் கொண்டுபோவார்கள். என் பக்கத்து மேசைக்காரரின் பாட்டி அலபாமாவில் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினாராம். எத்தனை வரை சரியாக இருக்கும் என்று கேட்டேன். "பாதி. மீதிக்கு நுனியில் பஞ்சை அடைப்பார்கள்" என்றார்.

இந்த ஊர்களுக்குள், தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியல் புத்தகம் வந்து இறங்கியது. 1895-இல் அது 532 பக்கம். 1896-இல் கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் வரும் திட்டம் தொடங்கியது. 1913-இல் பார்சல் தபால். அச்சிட்ட விலை, எல்லோருக்கும் ஒரே விலை. ஆனால் பல ஊர்களில் தபால் நிலையம் இருந்ததே அந்தக் கடைக்குள்தான். மணியார்டர் வாங்க அதே கடைக்காரரிடம் போய் நின்றால் கதை கந்தல். அதற்கும் சியர்ஸ் வழி சொன்னது: கடிதத்தையும் பணத்தையும் தபால்காரர் கையிலேயே கொடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். வயிறெரிந்த உள்ளூர் வியாபாரிகள் அந்தப் புத்தகங்களைத் திரட்டித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய சியர்ஸும் ரோபக்கும் கறுப்பர்கள் என்று புரளிகூடக் கிளம்பியது. சியர்ஸ் ஒன்றும் சமூகநீதிக்காக இதைச் செய்யவில்லை, சரக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். (பின்னாளில் அதன் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழும்பின. அது தனிக் கதை.)

இணையக் காலத்துக்கு நல்ல சான்று கார். பியோனா ஸ்காட் மார்ட்டன் முதலிய பொருளியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விற்பனையகத்துக்கு நேரில் போய் வாங்கிய கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) வெள்ளையரைவிடச் சுமார் 2 சதவீதம் கூடுதல் விலை கொடுத்திருந்தார்கள். அதில் பெரும்பகுதிக்கு வருமானம், கல்வி போன்ற வேறுபாடுகளே காரணம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இணையம் வழியாக விலை கேட்டு வாங்கியவர்களிடம் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நானும் என் காரை அப்படித்தான் வாங்கினேன். நான்கு இடங்களுக்கு மின்னஞ்சல் போட்டு, விலை எழுத்தில் வந்த பிறகே நேரில் போனேன். அப்போதும் பாதிப் பெயரைச் சுருக்கித்தான் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெயரைச் சுருக்கத் தோன்றியதே, அங்கேதான் இந்த நிம்மதியின் எல்லை இருக்கிறது. முகம் திரையில் மறைந்தாலும் பெயரும் முகவரியும் மறைவதில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான விவரங்களோடு வீடுகளையும் அறைகளையும் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் அறை கேட்டபோது, கறுப்பினப் பெயர் என்று தெரியும்படி இருந்தவர்களுக்கு இசைவு கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. 2016-இல் பாஸ்டனில் அமேசானின் அன்றே வீடு சேர்க்கும் சேவை சுற்றிலும் எல்லாப் பகுதிகளுக்கும் இருந்தது, கறுப்பினத்தவர் மிகுந்த ராக்ஸ்பரிக்கு மட்டும் இல்லை. செய்தி வெளியாகிக் கண்டனம் கிளம்பியதும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் என் பக்கத்து மேசைக்காரர் இணையத்தில் வாங்கிய காலணி அளவு சரியில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் கடைக்கே போக வேண்டுமாம். அந்தச் சனிக்கிழமை என் காரில்தான் போனோம். பில் அவருடைய போனிலேயே இருக்கிறது. ஆனாலும் வீட்டில் அச்சிட்டு, மடிப்பில்லாமல் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடை வாசலில் காரை நிறுத்தினேன். அவர் உடனே இறங்கவில்லை. கைப்பையிலிருந்து அலுவலக அடையாள அட்டையை எடுத்து, கழுத்தில் மாட்டி, புகைப்படம் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டுக்கொண்டார். "இன்று லீவுதானே?" என்றேன்.

"கடைக்கு லீவு இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.