சி.ஓ.பி.டி: ஸ்டீராய்டு இன்ஹேலர் யாருக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சி.ஓ.பி.டி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சித்தப்பாவின் இன்ஹேலரில் மட்டும் ஸ்டீராய்டு இருக்கிறது. ஏன்?

பெயர் ஒன்றானாலும் மூச்சுக்குழாய் அழற்சி ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவர்களுக்கு நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் குவிகின்றன. அந்த அழற்சி ஸ்டீராய்டுக்கு அவ்வளவாக அடங்காது. 20 முதல் 40 சதவீதம் பேருக்கு ஈசினோபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் அதிகம். அவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாகவே வேலை செய்யும். இரண்டும் கலந்தவர்களும், இரண்டுமே குறைந்தவர்களும் உண்டு.

எந்த வகை என்பதைச் சளியில் பார்ப்பதே துல்லியம். ஆனால் அந்த வசதி பல ஊர்களில் இல்லாததால் ரத்தத்தில் ஈசினோபில்களை எண்ணுகிறோம். மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்து, மூச்சுத்திணறல் அடிக்கடி முற்றினால் ஸ்டீராய்டு இன்ஹேலரால் நல்ல பலன். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா ஆபத்துதான் கூடும். இடைப்பட்டவர்களுக்கு எத்தனை முறை முற்றியது, முன்பு காசநோய் வந்ததா என்றெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இவ்வளவு மலிவான பரிசோதனையைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ரிப்போர்ட்டில் ஈசினோபில் 8 சதவீதம் என்று மட்டும் இருக்கிறது. இது அதிகமா?

மொத்த வெள்ளையணு எண்ணிக்கையோடு பெருக்குங்கள். 8,000-இல் 8 சதவீதம் என்றால் 640. அதிகம்தான். ஆனால் குடற்புழு, ஒவ்வாமை, யானைக்கால் புழு ஆகியவற்றாலும் இது ஏறும். 3,000-ஐத் தாண்டி, இரவில் இருமலும் இருந்தால் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் நோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது எண்ணிக்கை இறங்கிவிடும். அதனால் உடம்பு சீராக இருக்கும்போது இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

நியூட்ரோபில் வகைக்கு மருந்தே இல்லையா?

மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர்கள்தான் அடிப்படை. அப்படியும் அடிக்கடி முற்றினால் சிலருக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நீண்ட காலம் கொடுப்பதுண்டு. அதற்கு முன் இ.சி.ஜி.யும் காது கேட்கும் திறனும் பார்க்க வேண்டும். புகைப்பதை நிறுத்தாதவர்களுக்கு அது சரியாக எடுபடுவதில்லை.

புது ஊசி வந்திருக்கிறதாமே?

ஆமாம், டுபிலுமாப். 2024-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சி.ஓ.பி.டி.க்கு அனுமதித்தன. மூன்று மருந்து இன்ஹேலருக்கும் (ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் இரண்டு மருந்துகளும் சேர்ந்தது) அடங்காத ஈசினோபில் வகைக்கு மட்டும்தான். ஆய்வுகளில் நோய் முற்றுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் என் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். 300-க்கு மேல் உள்ளவர்கள் நிறுத்தினால் நோய் மறுபடி முற்ற வாய்ப்பு அதிகம். ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் நிறுத்தவே கூடாது. பழைய ரத்த ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.