ஜெர்மனியில் மின்கார் விற்பனை ஒரே ஆண்டில் 69 சதவீதம் சரிந்ததாமே, அங்கே மின்கார் மோகம் தீர்ந்துவிட்டதா?

எண் உண்மைதான். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியில் புதிதாகப் பதிவான முழு மின்கார்கள் 27,024. முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட 68.8 சதவீதம் குறைவு. ஆனால் அந்த முந்தைய ஆகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்பதை நான் படித்த செய்திகள் பலவும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் 86,649 மின்கார்கள் பதிவாயின, அதாவது அந்த மாதத்துப் புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. செப்டம்பர் 1 முதல் நிறுவனங்களின் பெயரில் வாங்கும் மின்கார்களுக்கு அரசு மானியம் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆகவே இலையுதிர் காலத்தில் வந்திருக்க வேண்டிய கார்களும் ஆகஸ்டுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. அந்த உச்சத்தோடு எந்தச் சாதாரண மாதத்தை ஒப்பிட்டாலும் சரிவுதான் தெரியும்.

ஜெர்மனியில் வசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நாம் ‘விற்பனை’ என்று பேசுவது உண்மையில் ஃபிளென்ஸ்பர்கில் உள்ள மத்திய வாகன அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் பதிவு எண்ணிக்கை. வாடிக்கையாளர் முன்பணம் கட்டிய நாளுக்கும் அதற்கும் பல மாத இடைவெளி இருக்கலாம். அப்போது மானியத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் கார் முதலில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது. ஆர்டர் கொடுத்த தேதியைக் காட்டிப் பயனிருக்கவில்லை. 2022 டிசம்பரில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தான் வாங்கிய பிளக்-இன் ஹைபிரிட் (எரிபொருள் எஞ்சினோடு, வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் மின்கலமும் உள்ள கார்) விற்பனையாளரின் வளாகத்துக்கு வந்து நின்ற பிறகும், நம்பர் பலகை கையில் கிடைக்கும்வரை தினமும் தொலைபேசியும் கையுமாக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிந்தால் அவ்வகைக் கார்களுக்கான மானியம் முற்றிலும் நின்றுவிடும், முழு மின்கார்களுக்கான தொகையும் குறையும் என்ற நிலை. அந்த டிசம்பரில் 1,04,325 மின்கார்களும் 69,801 பிளக்-இன் ஹைபிரிட்களும் பதிவாயின. இரண்டையும் கூட்டினால் நாட்டின் புதுக் கார்களில் பாதிக்கும் மேல். அடுத்த மாதமே அவை 18,136 ஆகவும் 8,853 ஆகவும் இறங்கின. முப்பது நாளில் ஒரு நாட்டின் ரசனை மாறிவிடாது. மாறியது மானிய விதி மட்டுமே.

அடுத்த அதிர்ச்சி 2023 டிசம்பரில் வந்தது. 6,000 கோடி யூரோவை, மின்கார் மானியத்துக்குப் பணம் தந்துவந்த காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் நவம்பரில் தீர்ப்பளிக்க, அரசு ஒரு சனிக்கிழமையன்று மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தது. விண்ணப்பிக்க மறுநாள் ஞாயிறே கடைசி நாள். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட மோசமாக ஓர் அரசு நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே 2024இல் சரிவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆண்டுக் கணக்கில் மின்கார்கள் 5,24,219இலிருந்து 3,80,609 ஆகவும், சந்தைப் பங்கு 18.4 சதவீதத்திலிருந்து 13.5 சதவீதமாகவும் குறைந்தன. இது 27 சதவீத வீழ்ச்சி, சிறியதல்ல. ஆனால் 69 அல்ல.

பிளக்-இன் ஹைபிரிட் கணக்கை இன்னும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இங்கே புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. நிறுவனம் தரும் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டும் ஊழியர், அதன் பட்டியல் விலையில் ஒரு சதவீதத்தை மாத வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்ட பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு அதில் பாதிதான். வரிக்காகவே எடுத்த கார் என்பதால், சார்ஜ் செய்யும் கம்பி உறை பிரிக்காமலே டிக்கியில் கிடக்கும் என்பது இங்கே அலுவலகங்களில் பழகிப்போன கேலி. அதில் விஷயம் இல்லாமலும் இல்லை: இவ்வகைக் கார்கள் சாலையில் உண்மையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024இல் சொன்னது. சீனாவிலிருந்து வரும் முழு மின்கார்களுக்கு 2024 அக்டோபர் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கூடுதல் சுங்கவரி பிளக்-இன் ஹைபிரிட்களுக்கு இல்லை என்பதால், சீன நிறுவனங்களும் பிறகு அந்தப் பக்கம் திரும்பின. ஆகவே ‘பிளக் உள்ள கார்கள்’ என்று இரண்டையும் கூட்டிச் சொல்லும் தலைப்பைக் கண்டால் நான் முதலில் பிரித்துத்தான் பார்ப்பேன்.

இதே எச்சரிக்கை நல்ல செய்திக்கும் வேண்டும். 2025 ஜனவரியில் 34,498 மின்கார்கள் பதிவாகி, 53.5 சதவீத வளர்ச்சி என்று கொண்டாடினார்கள். ஒப்பிட்ட 2024 ஜனவரியோ, மானியம் திடீரென நின்றதன் பின்விளைவில் 22,474க்குச் சுருங்கியிருந்த மாதம். போதாக்குறைக்கு, ஒரு தயாரிப்பாளரின் புதுக் கார்கள் சராசரியாக எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்பதற்கு ஐரோப்பா வைத்த கடுமையான புதிய வரம்பு 2025இல்தான் தொடங்கியது. விலையைக் குறைத்தாவது மின்காரைத் தள்ளிவிட வேண்டிய தேவை தயாரிப்பாளர்களுக்கு அந்த ஆண்டில்தான் வந்தது. இப்படிப்பட்ட காலத்தில் நான் மூன்று மாதக் கூட்டுத்தொகையையும், தனிநபர் பெயரில் பதிவானவை எத்தனை என்பதையும் மட்டுமே நம்புகிறேன்.