ஒரே கட்டடத்துக்குள் ஒரு நகரமா?

கேள்வி: சவூதி அரேபியாவில் 170 கி.மீ. நீளத்துக்கு ஒரே கட்டடமாக 'தி லைன்' நகரத்தை அறிவித்ததும் கட்டடக் கலைஞர்கள் பலர் குறை சொல்லத் தொடங்கினார்கள். பிரமிடையும் சீனப் பெருஞ்சுவரையும் வியக்கிற நாம், நம் காலத்துப் பிரமாண்டத்தைக் கண்டு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இது பொறாமை இல்லையா?

பதில்: இல்லை. பிரமிடு இறந்த அரசனுக்கு. பெருஞ்சுவர் எல்லைக் காவலுக்கு. கட்டியபடியே நின்றால் போதும் என்ற வகைக் கட்டடங்கள் அவை. நகரம் அப்படியே நிற்காது. குடும்பம் பெருகும், கடை கைமாறும், தொழிற்சாலை மூடும், கிடங்கு இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வரும். தெருவும் மனைகளுமாகப் பிரிந்து கிடக்கிற ஊரில் ஒரு வீட்டை இடித்துக் கட்டினால் அடுத்த வீடு பெரும்பாலும் தப்பித்துவிடும். ஊரே ஒரு கட்டடம் என்றால்?

ஊரையே ஒரு பெரும் கட்டமைப்புக்குள் அடக்குகிற 'மெகாஸ்ட்ரக்சர்' கனவை முதலில் கண்டவர்களுக்கே இந்தச் சிக்கல் தெரியும். 1960இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே டோக்கியோ விரிகுடாவின் மேல் நகரத்தை நீட்டிவிடத் திட்டம் வரைந்தார். 1964இல் பிரிட்டனில் ஆர்க்கிகிராம் என்ற கட்டடக் கலைஞர் குழுவின் பீட்டர் குக், கிரேன் கொண்டு வீடுகளைச் செருகி எடுக்கிற 'பிளக்-இன் சிட்டி'யை வரைந்தார். எலும்புக்கூடு பெரிதாக, நெடுங்காலம் நிற்கும்; அதில் மாட்டிய அறைகளை மட்டும் அவ்வப்போது கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பது இவர்கள் நம்பிக்கை. அபாரமான யோசனை. அந்த வரைபடங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் துள்ளும்.

டோக்கியோவில் அதைக் கட்டியும் பார்த்தார்கள். கிஷோ குரோகவா வடிவமைத்து 1972இல் எழுந்த நகாகின் கேப்சூல் கோபுரம். இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் தொங்கிய 140 பெட்டி அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர்: ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல், சுவரோடு பதித்த அலமாரி, மடக்கு மேசை, விமானத்தில் இருப்பது போன்ற குட்டிக் குளியலறை. ஒவ்வொரு பெட்டியையும் தண்டோடு பிடித்துக்கொண்டிருந்தவை நான்கே நான்கு போல்ட்டுகள். 25 ஆண்டுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றிப் புதுப் பெட்டி மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. நெருக்கி அடுக்கிவிட்டதால், நடுவில் ஒன்றை உருவ வேண்டுமானால் மேலே உள்ளவற்றை முதலில் இறக்கியாக வேண்டும். பெட்டிகளோ பல பேருக்குச் சொந்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பணம் போட வேண்டும். அது நடக்கவில்லை. குழாய்கள் துருப்பிடித்தன, கூரை ஒழுகியது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேறு இருந்தது. 2022இல் கோபுரத்தையே பிரித்தெடுத்தார்கள். போல்ட்டைக் கழற்ற உலகில் கருவி உண்டு. 140 அறைகளின் சொந்தக்காரர்களையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரக் கருவி கிடையாது. 140 அறைகளில் முடியாததை, தி லைனில் குடியேற்ற நினைக்கிற 90 லட்சம் பேரிடம் எதிர்பார்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மெகாஸ்ட்ரக்சர் என்ற கருத்தை 1964இல் விளக்கி எழுதிய ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாக்கியே, அந்தப் பெரிய சட்டகம் சீக்கிரம் காலாவதியானால் நகரத்தின் கழுத்தில் கட்டிய பாரமாகிவிடும் என்று அப்போதே எச்சரித்திருந்தார். கேட்டவர்கள் குறைவு.

கனடாவின் மான்ட்ரியாலில் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஹேபிடாட் 67 குடியிருப்பு இன்றும் விரும்பிக் குடியேறுகிற இடம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 354 கான்கிரீட் பெட்டிகளோடு, முதலில் எண்ணியதில் சிறு பகுதியாக அது நின்றுவிட்டது. அந்த அளவில் நின்றதும் அதற்கு நல்லதாகப் போயிற்று என்பேன்.

இப்போது தி லைன் திட்டத்தில் அறிவித்த கணக்கைப் பாருங்கள். நீளம் 170 கி.மீ., அகலம் 200 மீட்டர், உயரம் 500 மீட்டர். குடியிருக்க 90 லட்சம் பேர். தரைப்பரப்பு வெறும் 34 சதுர கி.மீ. இதே பரப்பை வட்டமாக வைத்திருந்தால் மையத்திலிருந்து விளிம்புக்கு 3.3 கி.மீ.தான், நடந்தே போய்விடலாம். கோடாக இழுத்ததால், அங்கே எந்த இருவரை எடுத்தாலும் அவர்களுக்கு இடையே சராசரியாக 57 கி.மீ. தூரம். முனைக்கு முனை 20 நிமிடத்தில் ரயில் போகும் என்றார்கள். அதற்கு மணிக்கு 510 கி.மீ. வேகம் வேண்டும், அதுவும் எங்கும் நிற்காமல். வீட்டிலிருந்து நடந்து போய் ஏறும்படி நிலையங்கள் வைத்தால் அந்த வேகம் வராது. வேகத்துக்காக நிலையங்களைக் குறைத்தால் ரயிலைப் பிடிக்கவே இன்னொரு வண்டி தேவைப்படும்.