கிரீடம் ஒட்டுகிறவர்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பொறியியல் படிக்கிறேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறேன். விளையாட்டு உருவாக்க உதவும் எஞ்சின் என்ற மென்பொருளை விற்கும் யூனிட்டி நிறுவனம் கட்டண விதியை மாற்றியபோது பயந்து, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற எஞ்சினான கோடோவுக்கு வந்தோம். அது எங்கள் கணினியில் அடிக்கடி நின்றுவிடுகிறது. அதை உருவாக்குகிறவர்களுக்குப் புகார் அனுப்பி நான்கு மாதமாகிறது, பதில் இல்லை. (நகலை இணைத்திருக்கிறேன்.) வேறொரு விளையாட்டில் மாற்றங்கள் சேர்க்க நாங்கள் செய்த மோட்களும் ஒவ்வொரு அப்டேட்டிலும் உடைகின்றன. இவற்றை நம்பி வாழ முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

மோட் உடைவதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அடுத்தவர் சுவரில் பரண் கட்டினால், அவர் சுவரை இடிக்கும்போது அதுவும் விழும். நிரலே கைக்கு வந்துவிட்டால் அந்தக் கவலை குறையும். டூம் விளையாட்டின் மூலநிரல் 1997இல் வெளியானது. அதற்கு இன்றும் புது மோட்கள் வருகின்றன.

யூனிட்டி 2023 செப்டம்பரில் அறிவித்த நிறுவல் கட்டணத்தை மறு ஆண்டே கைவிட்டது. இருந்தாலும் நீங்கள் வெளியேறியது சரிதான். கோடோ 2014இல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் பொதுவுக்கு வந்தது. வந்த நிரலை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

"பதில் இல்லை" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. என் பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு கூத்து ஜமாவுக்கு அவர் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஒட்டிக்கொடுப்பார். விடிய விடிய ஆடியவர்கள் பகலில் திண்ணையில் தூங்குவார்கள். அவர் மட்டும் வச்சிரப் பசையைக் காய்ச்சி, உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளைக் கல்யாண முருங்கைக் கட்டையில் ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருப்பார். ஆடுகிறவருக்குப் பங்கு உண்டு, மத்தளக்காரருக்கும் உண்டு. அவருக்குச் சாப்பாடு மட்டும். ஒரு பங்குனியில், பதினெட்டாம் போர் நடந்த இரவில், துரியோதனனின் இடது புஜக்கட்டை சபை நடுவே கழன்று விழுந்தது. காலையில் ஜமாவை நடத்தும் வாத்தியார், பெரியப்பாவின் வீட்டு வாசலுக்கே வந்து அவரைத் திட்டினார். பெரியப்பா மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தது அந்த ஜமாவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர் போகவில்லை.

உங்கள் புகாரைப் படித்தேன். "திறந்தால் நின்றுவிடுகிறது, சீக்கிரம் சரிசெய்யவும்." ஒரே வரி! எந்தப் பதிப்பு, எந்த கிராபிக்ஸ் கார்டு, எதை அழுத்தியதும் நின்றது? ஒன்றும் இல்லை. அங்கே தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. நன்கொடையில் சம்பளம் பெறுகிறவர்கள் சிலர். மிச்சப்பேர் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காருகிறவர்கள். அவர்களிடம் "சீக்கிரம்" என்று சொல்ல நீங்கள் யார்? காசு கேட்காதவரிடம்தான் நமக்கு அதட்டல் வருகிறது. எனக்கு இதில் கோபம் அடங்குவதே இல்லை.

கோடோவின் மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுதியிருக்கிறீர்களா? ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "கெ" என்று தட்டினால் ககரம் முதலில் வரும், கொம்பு பிறகு. 2023இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அது சரியானது. அதற்கு, எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கிக் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு கட்டற்ற நிரல் தொகுப்பு உதவியது. உங்கள் விளையாட்டில் இன்று தமிழ் தமிழாகத் தெரிகிறது என்றால், யாரோ கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க ராத்திரிகளைச் செலவிட்டிருக்கிறார். அவருக்கு ஒரு வரி எழுதினீர்களா?

மனம் நோகாதீர்கள் தம்பி. இருபது வயதில் நானும் திண்ணையில் பெரியப்பாவைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு சில்லுகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

இன்றிரவு அந்தப் புகாரைத் திருத்தி எழுதுங்கள். கோளாறு தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன மாதிரி செய்து இணையுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வாருங்கள். பெரியப்பாவின் வச்சிரச் சட்டி பரணில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.